மழைக்கு வருகிற எழுத்து

இன்னும் ஒன்றும் எழுதவில்லை. திரை காலியாகக் கிடக்கிறது, கறுப்பாக, ஒரு மூலையில் மட்டும் சின்னக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டு, என்ன வேணும் என்ன வேணும் என்று கேட்கிற மாதிரி. அதற்குக் கீழே மேசை, மேசைக்குப் பின்னால் என் மகள் ஜெனிட்டா. கறுப்புச் சட்டை. காலையில் நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன், காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது, எழுந்து போய்ச் சரி பண்ணவா முடியும். நாலாவது வரிசையில் ஓரமாக உட்கார் என்று சொல்லிவிட்டாள். "முன்னால உக்காராதம்மா, உன் மூஞ்சியப் பாத்தா எனக்குக் கை நடுங்கும். பொறவு, சிலுவை கிலுவை போட்டுக்கிட்டு இருக்காத, பேயோட்ட வந்திருக்கியன்னு நெனச்சிருவாங்க." சரிட்டி என்றேன். செபமாலை கைப்பைக்குள் இருக்கிறது, கையும் கைப்பைக்குள் இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி, வெளியே மெட்ராஸ் வெயில் தார் ரோட்டை உருக்குகிறது, உள்ளே ஏசியில் முழங்கால் வலிக்கிறது. முன்னே இரும்புப் பட்டறையாக இருந்த இடமாம், சுவரெல்லாம் கறுப்புத் துணி மாட்டிக் கச்சேரிக் கூடமாக்கியிருக்கிறார்கள். நூற்றைம்பது பேர் இருப்பார்கள். அவர்களெல்லாம் திரையைப் பார்க்கிறார்கள், நான் அவள் கையைப் பார்க்கிறேன். கை நின்றுவிடக் கூடாது மாதாவே, வேறு எதுவும் கேட்கவில்லை, முப்பத்திரண்டு வயதாகிறது, கல்யாணத்தைக் கூட இன்றைக்குக் கேட்கவில்லை, இந்த முக்கால் மணி நேரம் அந்தக் கை நிற்காமல் இருந்தால் போதும். போன வருஷம் பெங்களூரில் நின்றுவிட்டது. நான் அங்கே இல்லை, அவள் சொல்லித்தான் தெரியும், அதுவும் ரெண்டு மாசம் கழித்துச் சொன்னாள். எழுதிக்கொண்டே இருக்கும்போது சிவப்பாக ஒரு வரி வந்ததாம், தப்பு என்று. என்ன தப்பு என்று தெரியவில்லையாம். மேசையில் ரெண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாளாம், எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. பிறகு கம்ப்யூட்டரை மூடிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கைதட்டினார்களாம், பாவம் என்று கைதட்டியிருப்பார்கள், அந்தக் கைதட்டல்தான் தாங்க முடியலம்மா என்றாள். அதற்கப்புறம் ஒன்பது மாசம் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். ஒன்பது மாசம், சுமந்த கணக்கும் அதுதான். இப்போது மறுபடி வந்து நிற்கிறாள். ரயிலில் வரும்போது சொன்னாள், சத்தமில்லாமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னைக்கும் அப்படி ஆச்சுன்னா விட்டுருவேம்மா. இனி இதத் தொட மாட்டேன்." மதுரை தாண்டும் வரை செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தேன்.

எழுதுகிறாள். எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் விழுகிறது, யானை உயரத்துக்கு, தமிழில், 'காற்று', அதற்குப் பக்கத்தில் ஏதோ எண், ஒரு புள்ளி. ஒரு விசையைத் தட்டினாள், காற்று வந்துவிட்டது. நிஜமாகவே காது ஓரத்தில் வருகிறது, பின்னாலிருந்து முன்னால் போகிறது, திரையில் வெள்ளையாக மணல் நகர்கிற மாதிரி கோடுகள். முன்னாலேயே செய்து வைத்ததைப் போட்டுக் காட்டுவதில்லை இவள், வெறும் திரையில் எல்லார் கண் முன்னாலும் எழுதுகிறாள், எழுத எழுத அது சத்தமாகிறது, அந்தச் சத்தம் ஏறி இறங்குகிறபடி படமும் தானாக அசைகிறது. எழுதுவதும் தெரியும், அழிப்பதும் தெரியும், தப்பும் தெரியும். ஏன் இப்படி ஒரு வேலை, மறைத்து வைத்துக்கொண்டு செய்யக் கூடாதா என்று கேட்டிருக்கிறேன். "சமையல்காரன் அடுப்படியத் தொறந்து போட்டுட்டுச் சமைக்க மாதிரிம்மா, அதான் இதுல நேர்மை" என்றாள். நேர்மை நல்லதுதான், ஆனால் சோறு அடிப்பிடிக்கிற நாளும் உண்டே. என் நாத்தனார் டெல்பினா கேட்டாள், "ஒம் மவ கல்யாண வீட்டுல டிஜே போடுதாளாமே, ஞானஸ்நான வீட்டுக்கும் வருவாளா?" நான் சிரித்து வைத்தேன். என்ன சொல்வது, எனக்கே முழுசாக விளங்கினால்தானே. அவுக, பிள்ளைகளுடைய அப்பா, நேற்று நான் பெட்டி கட்டும்போது கேட்டார்கள், "நீ போய் என்ன செய்யப் போற, ஒனக்கு அது விளங்குமா?" எங்க அம்மைக்கு லத்தீன் பூசை விளங்கவா செய்தது, ஒரு நாள் விடாமப் போயிட்டு வரலியா என்றேன். அவுக முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "வாய் நீண்டுட்டு ஒனக்கு" என்றார்கள். 'அலை' என்று எழுதிவிட்டாள். அலை வந்தது. பெரிய அலை இல்லை, எங்கள் ஊர் அலை, தாம்பாளத்தில் தண்ணீரை ஆட்டுகிற மாதிரி. எண்ணை மாற்றுகிறாள், மூன்று, நாலு, அலை ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. இந்தத் தமிழ் வார்த்தையெல்லாம் அந்த ஒன்பது மாசத்தில் வந்தது. சாப்பாட்டுத் தட்டை வைக்கப் போகிறபோது மூடியிருந்த கம்ப்யூட்டரை ஒரு நாள் திறந்து வைத்திருந்தாள், எனக்கு உயிர் வந்தது, பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, இதுல என்னட்டி எழுதியிருக்கு, எல்லாம் இங்கிலீசா இருக்கு என்றேன். மறுநாள் ஒரு தாளைக் கொடுத்து, கடல்ல என்னெல்லாம் இருக்கோ எழுதிக் குடும்மா என்றாள். காற்று, அலை, நண்டு, சொறி, உப்பு, மழை. நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து அடித்து அந்த மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தாள், காற்று என்றால் இந்தச் சத்தம், இந்தப் படம், நண்டு என்றால் இது. அந்தத் தாள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியே இருந்தது, அதைப் பார்த்துத்தான் பழகினாள். இங்கே தாள் கிடையாது. தாளைப் பார்த்து அடித்தால் இவர்களுக்குள் அது மானக்கேடாம்.

'நண்டு'. டக் டக் டக் என்று மரத்தில் தட்டுகிற சத்தம், திரையில் குட்டி குட்டி மண் உருண்டைகள் பூப் போல விரிகின்றன, கடற்கரையில் நண்டு வளையைச் சுற்றி உருட்டிப் போடுமே அதே மாதிரி, எனக்கு முன்னால் இருக்கிற பெண் "ஓ" என்கிறாள். பத்து உருண்டை, ஒரு இடைவெளி, பத்து உருண்டை, ஒரு இடைவெளி. என் விரல் பைக்குள் மணியை நகர்த்துகிறது, பத்து மணி, ஒரு பெரிய மணி, அடக் கடவுளே, நண்டோடு சேர்ந்து நகர்கிறது. அருள்நிறை மந்திரத்தைத் தாளத்துக்குச் சொல்வது பாவமா. நிறுத்திப் பார்த்தேன், விரல் நிற்கவில்லை. பாவம் என்றால் சாமியாரிடம் எப்படிச் சொல்வது, நண்டுக்குச் செபித்தேன் சாமி என்றா. கேட்டால் சிரிப்பார். இந்தப் பிள்ளைக்குத் தாளம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் கேட்பார்கள், எங்கள் வீட்டில் யாருக்கும் பாட்டு வராது, எனக்குத் தெரியும் எங்கிருந்து வந்தது என்று, சொன்னதில்லை. சத்தம் போடாதே என்றதிலிருந்து வந்தது. அவுக அனல் மின் நிலையத்தில் ராத்திரி ஷிப்ட், காலையில் வந்து படுப்பார்கள், ஒரே அறை, நடுவில் சேலையைக் கட்டி மறைத்திருப்போம். பிள்ளைகள் ரெண்டும் குசுகுசு என்றுதான் பேசும். மூத்தவன் டெரன்ஸ் தெருவுக்கு ஓடிவிடுவான், இப்போது மஸ்கட்டுக்கே ஓடிவிட்டான், இவள் மட்டும் என் மடியில் உட்கார்ந்து என் தொடையில் தாளம் போடுவாள், சத்தமில்லாமல், விரல் நுனியால். அதையும் நிறுத்துவேன், சேலை சரசரக்கிறது என்று. ஷ்ஷ். அப்பா முழிச்சிருவாவ. ஷ்ஷ். ஒரு நாளைக்கு நூறு ஷ்ஷ். தண்ணீர் மோட்டார் போட்டால் அவுக முழிக்க மாட்டார்கள், அது என்னவோ, பிள்ளை பேசினால் முழிப்பார்கள், மோட்டாருக்குப் பழகிய காது. அதனால் இவள் மோட்டாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் பார்க்கிறேன், எவர்சில்வர் தட்டை மோட்டார் மேல் வைத்து, என் தூள் உப்பு டப்பாவைக் கொட்டிப் பரப்பி வைத்திருக்கிறாள், மோட்டார் ஓட ஓட உப்பு நகர்கிறது, கோலம் மாதிரி ஓடுகிறது, கோணலாகக் கூடுகிறது, பிரிகிறது. "அம்மா, சத்தத்துக்குப் படம் இருக்கு" என்றாள். ஆறு வயது. நான் என்ன சொன்னேன், உப்பக் கொட்டாதட்டி மூதேவி என்று முதுகில் ஒன்று வைத்தேன். அடித்தபோதும் அவள் சத்தம் போட்டு அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை, பாவம் என்று அப்போது தெரியவில்லை, பிள்ளையை அமைதியாக வளர்த்திருக்கிறாய் என்று கன்னியர் மடத்தில் பாராட்டினார்கள். பெங்களூரில் நின்றாளே, என்ன தப்பு என்று ஒருத்தரிடம் வாய் திறந்து கேட்டிருக்கலாமே, கேட்கவில்லை. கேட்கத் தெரியாது அவளுக்கு. நான் பொத்தின வாய் அது.

சொறி வந்துவிட்டது, கடலில் குடை மாதிரி விரிந்து சுருங்குமே, பட்டால் அரிக்குமே, அது, நீலமாக, திரை முழுக்க நூறு சொறி, தம் தம் என்று அடிக்கிற சத்தத்துக்கு ஒன்றுபோல விரிகின்றன, நாற்காலிக் கால் வழியாக அந்தச் சத்தம் என் முதுகெலும்புக்குள் ஏறுகிறது. வயிற்றுக்குள் பிள்ளை புரள்கிற மாதிரி. பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டுகிறார். பிறகு 'உப்பு'. எல்லாச் சத்தமும் மெல்லிசாகிறது, கண்ணாடி வளையல் உரசுகிற மாதிரி, திரையில் கட்டம் கட்டமாக வெள்ளை பூக்கிறது, பாத்தி பாத்தியாக, என் அப்பா வேலை பார்த்த உப்பளம் இது, எப்படிப் பிடித்தாள், அவள் பிறக்கும் முன்னே அவர் செத்துப் போனாரே. வெள்ளை கூடிக் கூடிக் கண் கூசுகிறது. இனி மழை. மழையில்தான் முடியும், சொல்லியிருக்கிறாள், மழை வந்து உப்பெல்லாம் கரைந்து கடலுக்கே திரும்பிப் போகும், அவ்வளவுதான் கதை. உப்பளக்காரன் மகள் நான், மழை வரக் கூடாது என்று செபித்தே வளர்ந்தவள், இன்றைக்கு மழை வர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறாள். ம. ளை. எண், புள்ளி. தட்டினாள். சிவப்பு. திரைக்கு அடியில் சிவப்பாக ஒரு வரி, இங்கிலீசில். மழை வரவில்லை. வளையல் சத்தம் மட்டும் அப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது. அவள் எண்ணை அழித்துவிட்டு வேறு எண் போடுகிறாள். தட்டினாள். சிவப்பு. புள்ளியை அழிக்கிறாள், மறுபடி முழுசாக அடிக்கிறாள், ம, ளை. சிவப்பு. மாதாவே. அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. நாலாவது வரிசையிலிருந்து தெரிகிறது, யானை உயர எழுத்து. 'மளை' என்று எழுதியிருக்கிறாள். சின்னதிலிருந்தே இதே தப்பு, மளை, பளம், வாளை, கிளவி, நோட்டு நோட்டாகத் திருத்தியிருக்கிறேன். நாக்கில் வருவதுதானே விரலில் வரும், எங்கள் ஊரில் யார் வாயில் வேறு எழுத்து வந்திருக்கிறது. எட்டாவதுதான் படித்தேன், ஆனால் எழுத்துப் பிழை வராது எனக்கு, கோயில் பெட்டியில் போடுகிற விண்ணப்பச் சீட்டைத் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதிக் கொடுப்பேன், விவசாயக்காரி வந்தால் மழை வேண்டி, உப்பளக்காரி வந்தால் மழை வேண்டாம். ஆண்டவர் பிழை இருந்தாலும் படித்துக்கொள்வார், இந்த மிஷின் படிக்காது. "ஒரு எழுத்து மாறினாலும் அதுக்கு விளங்காதும்மா, உன்ன மாதிரி சரி விடுன்னு போகாது" என்பாள். அவள் எண்ணைத்தான் தேடுகிறாள், புள்ளியைத்தான் தேடுகிறாள், வார்த்தை சரி என்றே நினைக்கிறாள், கேட்டால் சரியாகத்தானே கேட்கிறது. கை மெதுவாகிறது. கை நிற்கிறது. ரெண்டு கையையும் மேசையில் ஊன்றிவிட்டாள்.

இதுதான் அது. இதுதான் பெங்களூர். தோள் ரெண்டும் காதுப் பக்கம் ஏறுகிறது, மூச்சு விடுகிறாளா இல்லையா. வளையல் சத்தம் சுற்றுகிறது, கூட்டம் இது வேண்டுமென்றே செய்வது என்று நினைக்கிறதோ என்னவோ, தாடிக்காரர் இன்னும் தலையாட்டுகிறார். யாராவது சொல்லக் கூடாதா, நூற்றைம்பது பேரில் தமிழ் தெரிந்தவர் ஒருத்தர் இல்லையா, இருப்பார்கள், மளை என்று அவள் வேண்டுமென்றே வைத்த பெயர் என்று நினைத்திருப்பார்கள். நான் சொல்ல வேண்டும். நான் எப்படிச் சொல்ல. பூசையில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டபோதே தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொன்னவள், தெருவில் குழாயடியில் கூட என் குரல் கேட்காது, கத்திப் பேசியதே இல்லை, கத்தினால் என்ன சத்தம் வரும் என்றே எனக்குத் தெரியாது. கத்திக் கூப்பிட்டு அவள் இன்னும் கூசிப் போனால். அம்மாக்காரி வந்து மானத்தை வாங்கினாள் என்று ஆனால். சரி, கத்தி என்ன சொல்வது, ழ என்று சொல்ல வேண்டும், அதுதானே எனக்கு வராது. சிஸ்டர் என்னைப் பெஞ்சு மேல் நிற்க வைத்து, நாக்கை மடக்கு, இன்னும் மடக்கு என்பார்கள், வகுப்பே சிரிக்கும், என் நாக்கு மடங்கினதே இல்லை. இப்போது வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். மளை. மளை. மாதாவே ஒரே ஒரு தடவை. மளை. எழுதினால் வருகிற எழுத்து சொன்னால் வரமாட்டேன் என்கிறது, இந்த ள இல்லட்டி அந்த ள என்றால் யாருக்கு என்ன விளங்கும். அவள் ஒரு கையை எடுத்துக் கம்ப்யூட்டர் மூடி மேல் வைத்துவிட்டாள். மூடப் போகிறாள். செபமாலையை எங்கே விட்டேன் தெரியவில்லை, எழுந்திருக்கிறேன், முன் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன், முழங்கால் மடக்கென்று சத்தம் போடுகிறது, அப்பா முழிச்சிருவாவ என்று ஒரு நினைப்பு, இந்த நேரத்தில், பைத்தியம், அவுக எங்கேயோ இருக்கிறார்கள், ஷ்ஷ் என்கிறேன் அந்த நினைப்பைப் பார்த்து, நீ சும்மா இரு.

"ஏட்டி ஜெனி! பள்ளிக்கூடத்து ள போட்டிருக்கட்டி! அது இல்ல! வாளப்பளத்து ள போடு! வாளப்பளம்!"

என் குரல் இவ்வளவு பெரிசா. சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. ரெண்டு ளவும் ஒரே ளவாகத்தான் வந்தது, எனக்கே கேட்டது. கூட்டம் திரும்புகிறது, நூற்றைம்பது முகம், பின்னாலிருந்து யாரோ "வாழைப்பழமா?" என்று கேட்கிறார்கள், ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் போகிறது. சிரிக்கட்டும். அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்க்கிறாள். தலையைப் பின்னால் சாய்த்து, தன் எழுத்தைத் தானே அண்ணாந்து பார்க்கிறாள், உதடு அசைகிறது, மளை, பள்ளி, மளை, பளம், எங்கள் வாயில் எல்லாம் ஒன்றுதான் மகளே, எழுத்தை நினை, தாளை நினை. தோள் இறங்குகிறது. "அய்யோ" என்கிறாள், வாய்விட்டு, ஒலிபெருக்கியில் கூடக் கேட்கிறது, சிரிக்கிறாள், மேடையில் நின்றுகொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள், மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஒரே ஒரு எழுத்தை அழிக்கிறாள். திரையில் 'ம' மட்டும் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு மின்னுகிறது. பிறகு அந்த எழுத்து வருகிறது, என் நாக்குக்கு இந்த ஜென்மத்தில் மடங்காத எழுத்து. தட்டுகிறாள்.

முதலில் ஒரு துளி. வெள்ளைப் பாத்தியில் ஒரு புள்ளி விழுந்து வட்டமாக விரிகிறது, டொப் என்று ஒரு சத்தம், இடது பக்கம். பிறகு வலது பக்கம் ஒன்று. பிறகு ரெண்டு, பிறகு எண்ண முடியவில்லை. தகரத்தில் விழுகிற சத்தம், ஓலையில் விழுகிற சத்தம், தண்ணீரில் விழுகிற சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டுப் பிறகு ஒன்றாகிவிட்டது, வட்டத்தின் மேல் வட்டம், உப்பு கரைகிறது, கட்டங்கள் உடைகின்றன, காற்று திரும்பி வருகிறது, இவள் கை ஓடுகிறது, இப்போது தேடாமல் ஓடுகிறது, எண்ணைக் கூட்டுகிறாள், சத்தத்தைக் கூட்டுகிறாள், இன்னும் கூட்டுகிறாள், தரை அதிர்கிறது, நாற்காலி அதிர்கிறது, கூட்டு மகளே, ஊரே முழிக்கட்டும், நான் வாயை ஆவென்று திறந்துகொண்டு நிற்கிறேன், முகமெல்லாம் நனைந்திருக்கிறது, துடைக்கத் தோன்றவில்லை. யாரோ பின்னாலிருந்து என் தோளைத் தொடுகிறார்கள்.

"அம்மா, கொஞ்சம் உக்காருங்கம்மா. மறைக்குது."

"இருங்க தம்பி" என்கிறேன், திரும்பாமல், கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவு சத்தம். "மளை விடட்டும்."